35 வயதில் பைலட் ஆக முடியுமா? ராயபுரத்திலிருந்து ஒரு பதில்

போன ஞாயிற்றுக்கிழமை டி.எச். ரோட்டில் டீக்கடை வாசலில் ஒரு தம்பி என்னை நிறுத்தினான். கன்டெய்னர் யார்டில் சர்வேயராக இருக்கிறான், வயது 35, ஒரு பெண் குழந்தை, கூடவே வயதான அம்மா. "அண்ணா, நீங்க இப்ப ப்ளேன் ஓட்டுறீங்களாமே, நான் இப்ப ஆரம்பிச்சா முடியுமாண்ணா?" என்று கேட்டான். பத்து நிமிடம் நின்று பேசியும் போதவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அவன் கேட்ட விதம் மனதில் ஓடிக்கொண்டே இருந்ததால், சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பி.காம். முடித்து 2005-ல் ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் சேர்ந்தேன், வந்த சரக்கைக் கஸ்டம்ஸில் முடித்து வெளியே எடுத்துக் கொடுக்கிற வேலை. பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவம் போடுவது, கஸ்டம்ஸ் ஹவுஸில் மாடி மாடியாக ஏறி இறங்குவது, ஷிப்பிங் லைனில் டி.ஓ. (டெலிவரி ஆர்டர்) வாங்குவது, மணலி பக்கம் யார்டில் பெட்டியைத் திறந்து காட்டுவது என்று 16 வருடம் ஓடியது. இப்போது வயது 41. ஏ.டி.ஆர். 72 பயணிகள் விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆஃபீசர், அதாவது துணை விமானி, வலது பக்க இருக்கை. முடிவெடுத்த நாளிலிருந்து அந்த இருக்கையில் உட்காரும்வரை ஆறு வருடம் ஆனது.

சின்ன வயதுக் கனவெல்லாம் எனக்கு இருந்ததில்லை. 2018-ல் ஒரு நாள் நடுராத்திரி ஒரு ஏ.ஓ.ஜி. சரக்கு வந்தது. விமானம் பழுதாகித் தரையில் நிற்கிறது, பாகம் வந்தால்தான் கிளம்பும் என்றால் அதற்கு அந்தப் பெயர்; கஸ்டம்ஸில் அதைத் தனியாக, அவசரமாக முடித்துக் கொடுப்பார்கள். மீனம்பாக்கம் கார்கோவில் விடியற்காலை நாலு மணிக்கு அந்தப் பெட்டியை முடித்துக் கொடுத்தேன். அது ஒரு ஃப்யூயல் பம்ப். காலை ஏழு மணிக்கு அந்த விமானம் போய்விட்டது என்று வாங்கிக்கொண்டவர் போனில் சொன்னார். எத்தனையோ ஆயிரம் பெட்டி முடித்திருக்கிறேன், எதுவும் என்னை அப்படித் தொட்டதில்லை. அந்த பம்ப் என்ன செய்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன், பம்பிலிருந்து எஞ்சின், எஞ்சினிலிருந்து இறக்கை, இறக்கையிலிருந்து இதை ஓட்டுவதற்கு என்ன படிக்க வேண்டும் என்பதுவரை ஆறு மாதத்தில் போய்விட்டேன்.

வீட்டில் முதலில் சொன்னது நைனாவிடம்தான். அவர் ஹார்பரில் பைலட் லாஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடலில் வந்து நிற்கும் கப்பலுக்கு பைலட்டைக் கூட்டிக்கொண்டு போகும் படகு அது. கயிற்று ஏணியைப் பிடித்து பைலட் கப்பலில் ஏறுவார், அவர் ஏறியதும் வெள்ளையும் சிவப்புமாகக் கொடி ஏற்றுவார்கள், அப்புறம் அவர் சொல்கிற வழியில்தான் கப்பல் உள்ளே வரும். எங்கள் வீட்டில் பைலட் என்றால் அதுதான் அர்த்தம். பல வருடம் கடலில் போய், கேப்டன் சர்டிஃபிகேட் வாங்கி, அதற்கப்புறம்தான் துறைமுகத்தில் பைலட்டாக வருவார்கள். 34 வயதில் பைலட்டாகப் போகிறேன் என்று சொன்னதும் மற்ற எல்லோரும் கேட்ட முதல் கேள்வி வயதைப் பற்றித்தான். நைனா மட்டும் அதைக் கேட்கவே இல்லை. "நான் பார்த்த பைலட்டெல்லாம் தலை நரைச்ச ஆளுங்கதான்டா. சின்னப் பையன் ஏணியில ஏறி நான் பார்த்ததே இல்ல" என்றார். எனக்கு அது எவ்வளவு பெரிய பலமாக இருந்தது என்று இப்போது யோசித்தாலும் தொண்டை அடைக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தம்பிக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்றுதான். எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசையைத் தப்பவிடாதே.

யார்டில் இருப்பவனுக்கு இது சீக்கிரம் புரியும். கப்பல் வருவதற்கு முன்பே பேப்பரை எல்லாம் சரிபார்த்து வைக்கிறவனுக்குப் பெட்டி சுலபமாக வெளியே வரும். பெட்டி இறங்கின பிறகு, ஐயோ இந்த லைசென்ஸ் இல்லையே என்று தேட ஆரம்பிப்பவனுக்கு ஒவ்வொரு நாளும் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறும். கடைசியில் சரக்கின் விலையைவிட டெமரேஜ் அதிகமாகி, பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். 35 வயதில் பைலட் ஆகப் போவதும் அப்படித்தான். உனக்கு 'இல்லை' என்ற பதில் வரப்போகிறது என்றால் அது செலவு குறைவாக இருக்கும்போதே வந்துவிட வேண்டும். 20 வயதுப் பையனுக்கு 40 லட்சம் செலவழித்த பிறகு 'இல்லை' வந்தால் அவன் அப்பா அழுவார், அவன் வேறு வேலைக்குப் போய்விடுவான். உனக்கு வந்தால் உன் பெண் குழந்தையின் பள்ளிக்கூடம் நிற்கும்.

அதனால் முதலில் மெடிக்கல். ஃப்ளையிங் ஸ்கூலுக்கு ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்னால் மெடிக்கல். டிஜிசிஏ, அதாவது விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அங்கீகரித்த டாக்டரிடம் கிளாஸ் 2 எடுக்க வேண்டும், சென்னையிலேயே முடித்துவிடலாம். அதற்கு அப்புறம்தான் வணிக லைசென்ஸுக்கான கிளாஸ் 1. நான் அதற்குப் பெங்களூரில் விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிலையத்துக்குப் போனேன். ரத்தம், ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், காது, கண் என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். புள்ளி புள்ளியாக நிறம் போட்ட தட்டுகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். நிறக்குறைபாடு இருப்பது பல பேருக்கு அந்த நாற்காலியில் உட்காரும்வரை தெரிவதே இல்லை, வாழ்க்கை முழுக்க சிக்னல் பார்த்து வண்டி ஓட்டியிருப்பார்கள். கண்ணாடி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். உபரியாக ஒரு ஜோடி கையில் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எனக்கு 40-ல் வெள்ளெழுத்து வந்துவிட்டது. ராத்திரியில் இறங்கும் வழியைக் காட்டும் அப்ரோச் சார்ட்டைப் படிக்கக் கண்ணாடி இல்லாமல் முடியாது, என் பையில் எப்போதும் இரண்டு ஜோடி இருக்கும்.

என்னை முதல் தடவை டெம்பரரி அன்ஃபிட் என்று திருப்பி அனுப்பினார்கள். எடை 91 கிலோ, ரத்தத்தில் கொழுப்பு, சர்க்கரையும் எல்லைக்கோட்டில். 13 வருடம் கஸ்டம்ஸ் ஹவுஸ் பக்கத்துக் கடைகளில் சாப்பிட்டதெல்லாம் அந்த ரிப்போர்ட்டில் இருந்தது. பெங்களூரிலிருந்து திரும்பி வந்த ரயிலில் நான் யாரோடும் பேசவில்லை. என் மனைவி அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். ரிப்போர்ட்டை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, "இது பைலட்டுக்கு மட்டும் சொன்னதில்ல, உங்களுக்கும் சேர்த்துச் சொன்னது" என்றாள். மறுநாளிலிருந்து காலை ஐந்து மணிக்குக் காசிமேட்டுப் பக்கம் நடை. ஏலம் நடக்கிற நேரத்தில் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவேன். ஐந்து மாதத்தில் 14 கிலோ குறைந்தது. இரண்டாவது தடவை ஃபிட்.

அவள் இன்னொரு காரியமும் செய்தாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நிறுத்தக் கோடுகள் என்று எழுதி பீரோவுக்குள் ஒட்டினாள். மெடிக்கலில் இல்லை என்றால் அதோடு நிறுத்த வேண்டும். டிஜிசிஏ பேப்பர்கள் ஒன்றரை வருடத்தில் முடியவில்லை என்றால் நிறுத்த வேண்டும். வீட்டுப் பத்திரம் பேங்குக்கு ஒரு தடவைதான் போகும், இரண்டாவது கடன் கிடையாது. கல்யாணமானவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நடுவில் ஆசை ஏறிவிட்டால் எங்கே நிறுத்துவது என்று தனியாளாக முடிவெடுக்க முடியாது.

பி.காம். படித்தவனுக்குத் தாண்ட வேண்டிய இன்னொரு கதவும் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் வேண்டும். நான் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடத்தை மட்டும் எழுதினேன், 35 வயதில், என் பையன் வயதுக்குக் கொஞ்சம் மூத்த பிள்ளைகளோடு ஒரே ஹாலில். விதியை மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. பேச்சை நம்பிக் காத்திருக்க வேண்டாம், இரண்டு பாடம்தான், எழுதிவிடு. அந்தக் கணக்கும் இயற்பியலும் எப்படியும் தேவைப்படும்.

அப்புறம் டிஜிசிஏ பேப்பர்கள்: ஏர் நேவிகேஷன், மெட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன், டெக்னிக்கல். ஒவ்வொன்றிலும் 70 சதவீத மதிப்பெண் வேண்டும். இதெல்லாம் வேலையை விடாமலே படிக்கலாம், அதுதான் இதில் பெரிய வசதி. கொரோனா காலத்தில் ஊரே அடங்கிக் கிடந்தபோது நான் மொட்டை மாடியில் உட்கார்ந்து படித்தேன். ரெகுலேஷன் எனக்குக் கஷ்டமாகவே இல்லை. 16 வருடம் சட்டப்பிரிவும் நோட்டிஃபிகேஷனும் படித்தவனுக்கு அது பழகின பாஷை. எடைக் கணக்கும் அப்படித்தான், கன்டெய்னருக்குள் பாரத்தை எந்தப் பக்கம் ஏற்றினால் எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்தவனுக்கு விமானத்தின் புவியீர்ப்பு மையம் புரியாமல் போகாது. நேவிகேஷனில் மட்டும் ஒரு தடவை தோற்றேன்.

மெட்டியராலஜி படித்த நாட்களைத்தான் நான் ரொம்ப நேசிக்கிறேன். நைனா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். புத்தகத்தில் கடல்காற்று பற்றி ஒரு பாடம்: பகலில் தரை சூடாகும், மேலே எழும் காற்றின் இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். நைனா அதைக் கேட்டுவிட்டு, "மே மாசத்துல மதியத்துக்குள்ள காத்து திரும்பலைன்னா அன்னிக்கு வெயில் கொளுத்திடும், இதுக்கு எதுக்குப் புஸ்தகம்?" என்றார். அவருக்கு வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது, கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து வருவது. காற்றுக்கு அது எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையை வைத்துத்தான் பெயர். விமானத்துக்குத் தரும் வானிலைக் குறிப்பிலும் அதே வழக்கம்தான், 090 என்று இருந்தால் கிழக்கிலிருந்து வருகிறது, அதாவது கொண்டல். மீனம்பாக்கத்தின் பெரிய ரன்வேக்கு ஒரு முனையில் 07, இன்னொரு முனையில் 25 என்று எழுதியிருக்கும், 70 டிகிரியும் 250 டிகிரியும். காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும் என்பதால், காலையில் மேல்காற்று அடித்து மதியம் கடல்காற்று திரும்பும் நாட்களில் இறங்குகிற முனையும் மாறும். நைனா காற்று திரும்பிடுச்சு என்று திண்ணையில் சொன்னால், ஊரின் அந்தக் கோடியில் விமானங்கள் திசை மாறுகின்றன. இதை அவருக்குச் சொன்ன அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ரேடியோ லைசென்ஸ் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்து ஒதுங்குகிறார்கள். அந்த ரேடியோ பாஷை யாருக்குமே தாய்மொழி கிடையாது. மூன்றை ட்ரீ என்று சொல்ல வேண்டும், ஒன்பதை நைனர் என்று சொல்ல வேண்டும், எல்லோரும் புதிதாகத்தான் கற்றுக்கொள்கிறார்கள். தெளிவாக, நிதானமாகப் பேசினால் போதும்.

இதுவரை எனக்கு ஆன செலவு மொத்தமே ஒன்றரை லட்சத்துக்குள்தான். இந்த இடத்தில் வந்து நின்று யோசி. இதற்கு அப்புறம்தான் பெட்டி இறங்குகிறது.

வணிக லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் நீயே பொறுப்பாக. 300 நாட்டிகல் மைல் நீளத்தில் ஒரு பயணம், ராத்திரிப் பறப்பு, வெளியே பார்க்காமல் கருவியை மட்டும் பார்த்து ஓட்டுவது எல்லாம் அந்தக் கணக்குக்குள் வரும். எனக்குப் பறப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்ந்து 58 லட்சம், அதற்கு மேல் ஏ.டி.ஆர். டைப் ரேட்டிங்குக்கு, அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனிப் பயிற்சிக்கு, 15 லட்சம். மீஞ்சூர் மனையை விற்றது 21, பி.எஃப்.பும் சேமிப்பும் 13, மீதி 39 வீட்டின் மேல் கடன். எண்ணைச் சொல்லக் கூச்சப்பட எனக்கு ஒன்றுமில்லை. இதைச் சொல்லாமல் 'முயன்றால் முடியும்' என்று பேசுவது பாவம்.

நான் சேர்ந்த பள்ளி வேறு மாநிலத்தில். பெயர் வேண்டாம். எட்டு விமானம் இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் எட்டும் இருந்தன, பறக்கும் நிலையில் இருந்தவை மூன்று. பாகத்துக்குக் காத்திருக்கிறது ஒன்று, ஆய்வுக்குக் காத்திருக்கிறது ஒன்று, இப்படி. முதல் மூன்று மாதத்தில் நான் பறந்தது ஒன்பது மணி நேரம். 14 மாதத்தில் முடியும் என்றது 22 மாதம் ஆனது. வேலையை விட்டுவிட்டு வந்தவனுக்கு ஒவ்வொரு மாதமும் வட்டி. அதைவிட மோசம், இடைவெளி விழுந்தால் கையில் வந்தது கையை விட்டுப் போய்விடும், அதைத் திரும்பப் பிடிக்க இன்னும் சில மணி நேரம், அதற்கும் காசு. ஒரே ஒரு நல்ல காரியம், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று சொன்னபோது நான் தவணையில்தான் கட்டுவேன் என்று நின்றேன். கூட இருந்த இரண்டு பேர் மொத்தமாகக் கட்டிவிட்டு, வேறு இடத்துக்கு மாறவும் முடியாமல் தவித்ததை நேரில் பார்த்தேன். நேரில் போ, காலை ஆறு மணிக்குப் போ, எத்தனை விமானம் பறக்கிறது, எத்தனை மாணவர்கள் காத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார். இப்போது டிஜிசிஏவே பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிட ஆரம்பித்திருக்கிறது, அதையும் பார்.

வயது எங்கே இடித்தது என்றால், லேண்டிங்கில். கூடப் படித்த பிள்ளைகள் 15 மணி நேரத்தில் தனியாகப் பறந்தார்கள், எனக்கு 23 மணி நேரம் ஆனது. தரையை நெருங்கும்போது மூக்கை மெல்லத் தூக்கி வேகத்தைக் கரைக்க வேண்டும், அதற்கு ஃப்ளேர் என்று பெயர். நான் ஒவ்வொரு தடவையும் சீக்கிரம் தூக்கிவிடுவேன், விமானம் உயரத்திலேயே மிதந்து பொத்தென்று விழும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கோயம்புத்தூர்க்காரப் பெண், 26 வயது. நான் மேடம் என்பேன், அவர் அண்ணா என்பார். "அண்ணா, சக்கரத்துக்குக் கீழ இருக்கிற தரையைப் பார்க்கறீங்க, அதான் பயந்து தூக்கறீங்க. ரன்வேயோட அந்தக் கடைசியைப் பாருங்க" என்றார். கேட்டேன், ஆனால் கண் கேட்கவில்லை. 37 வயது ஆளுக்குப் பயம் வேறு மாதிரி, அவனுக்குப் பின்னால் மூன்று பேர் இருக்கிறார்கள் என்று உடம்புக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க ரன்வே ஓரம் நின்று மற்றவர்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எந்த இடத்தில் மூக்கு எழுகிறது என்று. எட்டாவது நாள் என் கை தானாகவே பொறுத்திருந்தது.

இரண்டு நாள் கழித்து, மூன்று லேண்டிங் முடிந்ததும் அவர் கதவைத் திறந்து, "இப்ப நான் இறங்கிக்கறேன், நீங்க ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கண்ணா" என்றார். ஒரு ஆள் எடை குறைந்ததால் அந்தச் சின்ன செஸ்னா விமானம் எதிர்பார்த்ததைவிடச் சட்டென்று எழுந்தது. பக்கத்து இருக்கையில் பெல்ட் மட்டும் கிடந்தது. அந்த ஆறு நிமிடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, விட்டுவிடுகிறேன்.

லைசென்ஸ் வந்ததும் வேலை வந்துவிடாது. ஒரு நிறுவனத்தின் விளம்பரத்திலேயே 35 வயதுக்குள் என்று போட்டிருந்தது, இன்னொன்றில் எழுத்துத் தேர்வு தேறி நேர்காணலில் போனது. பத்து மாதம் காத்திருந்தேன், பழைய முதலாளியிடம் பகுதி நேரமாக ஃபைல் பார்த்தேன். அதனால் தம்பி, எந்தெந்த நிறுவனம் எந்த வயதுவரை எடுக்கிறது என்று இப்போதே பார்த்து எழுதி வை, அதுவும் அந்த மலிவான 'இல்லை'களில் ஒன்று. சீனியாரிட்டி சேர்ந்த தேதியில் இருந்துதான் ஓடும். கேப்டன் ஆவதற்குத் தேவையான ஏ.டி.பி.எல். லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் வேண்டும், 65-ல் பயணிகள் விமானத்தை விட்டு இறங்கியாக வேண்டும். எனக்கு இன்னும் 24 வருடம் இருக்கிறது. ஒரு முழு வேலைக்காலம், குறை சொல்ல மாட்டேன், ஆனால் 22 வயதில் சேருகிறவனுக்கு 43 வருடம் இருக்கிறது என்பதையும் கடனை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

போன மாதம் விஜயவாடாவிலிருந்து சாயங்காலம் திரும்பி வரும்போது வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. முதலில் பழவேற்காடு ஏரி, அப்புறம் காட்டுப்பள்ளி, எண்ணூர் புகைபோக்கிகள், கழிமுகம், அதைத் தாண்டி ஹார்பரின் கிரேன் விளக்குகள். நான் 16 வருடம் அலைந்த இடம் முழுவதும் ஒரு கை அகலத்துக்குள் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நைனா வழக்கம்போல ஒன்றைத்தான் கேட்டார்: "காத்து எப்படி இருந்துச்சு?" கொண்டல், எட்டு நாட் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

இதை எழுதி முடிக்கும்போது அந்தத் தம்பியிடமிருந்து மெசேஜ். கிளாஸ் 2 டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டானாம், புதன்கிழமை காலை எட்டு மணி, வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள். முந்தின ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாட்டை நிறுத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறான். எட்டரைக்குள் சாப்பிட்டு முடி, பழைய கண்ணாடிச் சீட்டு இருந்தால் எடுத்துக்கொண்டு போ என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.